கீபோர்டுக்கு வெள்ளிக்கிழமைக் காய்ச்சல்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை எந்தக் காரணத்தைக் கொண்டும் முழுசாகச் சரிசெய்துவிடக் கூடாது. போன ஆகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கையில் மசால் வடையோடு நான் எடுத்த தீர்மானம் இது. தெரியாமல் அல்ல, தெரிந்தேதான் எடுத்தேன்.

என் பெயர் இஸ்ரேல். சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தவன். நான் கையெழுத்துப் போடாமல் ஒரு டின் மூடிகூட வெளியே போகாது. ரிடையரான மறுநாள் முதல், என்னைக் கேட்காமலே உலகத்தில் எல்லாம் நடந்தது. சரி, சமையலறையையாவது நிர்வாகம் பண்ணுவோம் என்று போய் நின்றேன். கடுகு போதுமா என்றேன். புளியை ஏன் இப்போதே ஊறப்போட்டாய் என்றேன். பருப்பு டப்பாக்களுக்கு நம்பர் ஒட்டினேன். என் மனைவி ஜெமிமா கரண்டியை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

ஜெமிமா எங்கள் தமிழ்ச் சபையில் பெண்கள் சங்கக் காரியதரிசி. ஞாயிறு ஆராதனைத் தாளை வாராவாரம் வெள்ளிக்கிழமை அவள்தான் டைப் செய்வாள். பாட்டும் வசனமும் தமிழில். அறிவிப்புகள் தெலுங்கில். ஏனென்றால் எங்கள் சபைப் பிள்ளைகள் தமிழில் பாடுவார்கள், படிக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்குதானே. போன் நம்பரும் மெயில் விலாசமும் இங்கிலீஷில். ஆக, ஒரே கீபோர்டில் மூன்று பாஷை. ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அமுக்கினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். மகன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டு, இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தவன் நான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிட்டாள்.

“ஏங்க, கொஞ்சம் வாங்க. எழுத்தக் காப்பி பண்ற கன்ட்ரோல் சி வேலை செய்யல.”

“சரியா அமுக்கினியா?”

“அமுக்கிக்கினே இருக்கேன். விரல்தான் வலிக்குது.”

போய்ப் பார்த்தேன். கீபோர்டு தமிழில் இருந்தது. தமிழில் இருக்கும்போது அந்த இடத்தில் சி கிடையாது, நம் எழுத்து ஒன்று உட்கார்ந்திருக்கும். அதைக் கன்ட்ரோலோடு சேர்த்து அமுக்கினால் பெட்டி திருதிருவென்று முழிக்கும். இங்கிலீஷுக்கு மாற்றிவிட்டு அமுக்கினேன். வேலை முடிந்தது.

“நீங்க இல்லன்னா நான் இன்னாதான் பண்ணுவேன்!” என்றாள்.

முப்பத்துநாலு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இந்த வாக்கியத்தை முதல் தடவையாகக் கேட்டேன். பின்னாலேயே வடையும் வந்தது. அப்போதுதான் தீர்மானம்.

லினக்ஸில் ஒரு வசதி. பாஷை மாற்ற எந்தப் பொத்தான் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய பட்டியலே இருக்கிறது. வியாழக்கிழமை அவள் ஜெபக்கூட்டத்துக்குப் போனதும் நான் பட்டியலைத் திறந்து பொத்தானை மாற்றிவிடுவேன். ஒரு வாரம் இரண்டு ஷிஃப்ட். அடுத்த வாரம் கேப்ஸ் லாக். அதற்கடுத்து வலது கன்ட்ரோல். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு டாண் என்று குரல் வரும்.

“ஏங்க, மறுபடியும் மக்கர் பண்ணுது.”

நான் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து, சம்பந்தமில்லாத எழுத்துகளை ஓடவிட்டு, பெருமூச்சு விடுவேன்.

“பெரிய கோளாறாங்க?”

“அடி வரைக்கும் போயிருக்குது.”

“ஐயோ. அப்ப ஒரு மணி நேரம் ஆவுமா?”

“ஆவும்.”

“அவசரமே இல்ல. பொறுமையா பாருங்க. இங்கியே உக்காந்துகினு பாருங்க.”

இப்படியே நான்கு மாதம். நான் ஒரு சுற்றுப் பருத்தேன். மனசும் நிறைந்திருந்தது.

அதற்குள் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. அதற்குத் தாள் போதாது, பன்னிரண்டு பக்கப் புத்தகம். கமிட்டியில் பொருளாளர் பிலிப், “லேடீஸ் கைல குடுத்தா நேரத்துக்கு வராது. வெளிய டைப் பண்ணிக்கலாம்” என்றார். ஜெமிமா எழுந்து, “வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு பிரஸ்ல இருக்கும் அண்ணா. இல்லன்னா அடுத்த வருஷத்திலேர்ந்து நாங்க தொடமாட்டோம்” என்றாள்.

இப்படிப்பட்ட நாளில் காப்பாற்றினால் எப்படி இருக்கும்! புதன்கிழமையே பட்டியலைத் திறந்து, ஸ்க்ரோல் லாக் வைத்தேன். அப்படி ஒரு பொத்தான் கீபோர்டில் இருப்பதே யாருக்கும் தெரியாது. வியாழன் காலை திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். அங்கே என் தங்கை தபிதாவின் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன். சாயந்திரம் திரும்பிவிடலாம் என்று கணக்கு. டாக்டர் சாயந்திரம்தான் வந்தார். தபிதா என்னை விடவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குத் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நின்று ஜெமிமாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஐந்து தடவை போட்டேன். ‘ஸ்க்ரோல் லாக் அமுக்கு’ என்று மெசேஜ் அடித்தேன். உங்களுக்கெப்படித் தெரியும் என்று கேட்பாளே! அழித்தேன். பஸ் சந்திரகிரி தாண்டியதும் மறுபடி அடித்தேன். மறுபடி அழித்தேன்.

பாகாலா வந்தபோது எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது. எனக்கு ஒரு நல்ல வார்த்தை தேவைப்பட்டது, உண்மைதான். வேலை போனவனுக்கு அது பசி மாதிரி. ஆனால் அதற்காக, அவளுக்கென்று இருந்த ஒரே வேலையில் கை வைத்துவிட்டேனே. பிலிப் முன்னால் அவள் தலைகுனிந்து நிற்பாளே. வீட்டுக்குப் போனதும் முதல் காரியம், உண்மையைச் சொல்லிவிடுவது.

பத்தரைக்கு வீடு. கூடத்தில் ஜெமிமா. எதிரில் பக்கத்து வீட்டுப் பத்மினி, சாவகாசமாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். வெட்கம் பார்க்கிற நேரமா அது?

“ஜெமி, நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்.”

“செருப்ப வெளிய வுட்டுட்டு வந்து சொல்லுங்க.”

விட்டுவிட்டு வந்து சொன்னேன். வியாழக்கிழமைகள், பட்டியல், கறுப்புத் திரை, ஸ்க்ரோல் லாக். ஒன்றையும் மறைக்கவில்லை.

“முடிஞ்சுதா?” என்றாள். “புஸ்தகம் ஒம்பது மணிக்கே பிரஸ்ஸுக்குப் போயிடுச்சி. டைப் பண்ற மும்முரத்துல உங்க போன் கேக்கல. பிலிப் அண்ணன் பொரட்டிப் பொரட்டிப் பாத்தாரு. ஒரு தப்பும் ஆப்புடல.”

“எப்படி? பாஷை எப்படி மாத்தினே?”

“மேல மூலையில பாஷை பேரு சின்னதா இருக்குதில்ல? மவுஸால அதத் தட்டுனா மூணும் வருது. வேண்டியதத் தட்டிக்கிறது. பட்டனே வேணாம்.”

போய்ப் பார்த்தேன். இருந்தது. நான்கு மாதமாக அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், அந்த மூலையை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“ரெண்டாவது வாரத்துலேர்ந்து.”

“அப்புறம் ஏன் வாராவாரம் கூப்ட்ட?”

ஜெமிமா முகத்தில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

“நீங்க அங்க உக்காந்துகினு இருந்தா, ஒரு மணி நேரம் சமையக்கட்டு எனக்கு. நீங்களும் சந்தோஷமா இருந்தீங்க. அத நான் ஏன் கெடுக்கணும்?”

என்னை ஏமாற்றியிருக்கிறாள். அதே சமயம், எனக்கு என்ன பசி என்று கேட்காமலே தெரிந்துகொண்டிருக்கிறாள். வெட்கப்படுவதா, அவள் கையைப் பிடித்துக்கொள்வதா என்று முடிவு செய்வதற்குள் பத்மினி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அண்ணய்யா, எங்க வீட்டுக்காரரும் முப்பதாம் தேதி ரிடையர் ஆவுறாரு. இப்பவே லீவு நாள்ல ஃப்ரிட்ஜத் தெறந்து காய்கறிக்கு லிஸ்ட்டு போடுறாரு. எங்க கம்ப்யூட்டருக்கும் அதே லினக்ஸ் போட்டுக் குடுங்க. அந்த வியாழக்கிழமை வேலய எனக்கும் கத்துக் குடுத்துடுங்க.”

“போய்ச் சொல்லிக் குடுங்க,” என்றாள் ஜெமிமா. “உங்களவிட நல்லாத் தெரிஞ்சவங்க யாரு?”

சொல்லிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து, பால் பூத்தில் பத்மினியின் புருஷர் ஸ்ரீஹரி என் தோளில் கை போட்டார்.

“இஸ்ரேல் காரு, இன்னிக்கும் எங்க கீபோர்டு படுத்துடுச்சி. ஒரு மணி நேரம் உக்காந்து எழுப்பினேன். நான் ஒருத்தன் இல்லன்னா பத்மினி கதி இன்னா ஆவுறது, சொல்லுங்க!”

மனுஷர் முகத்தில் அப்படி ஒரு களை. உண்மை தெரிந்த எனக்குத்தான் வயிறு எரிந்தது.