நாலு டிகிரியும் உம் அக்காவும்

அன்புள்ள மைத்துனருக்கு,

உம் அக்காவின் கணவன் எழுதுவது. அங்கு நீர், உம் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று மனப்பூர்வமாக விரும்புகிறேன். இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் அனைவரும் என்று சொல்ல இங்கே ஆள் இல்லை. நான் ஒருவன்தான் இருக்கிறேன், எனக்கும் நலம் இல்லை. காரணம் இந்நேரம் உம் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருக்கும்.

வியாழக்கிழமை அங்கு வந்து இறங்கியதும் அவள் ஒரு கதை சொல்லியிருப்பாள். அது ஒரு பக்கம். மறுபக்கத்தை நான் எழுதுகிறேன். பொறுமையாகப் படியும். இன்று பத்தாம் தேதி. பதினாலாம் தேதி மதியம் மூன்று மணிக்கு வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார். அதற்குள் இந்தக் காரியம் முடிய வேண்டும்.

எங்கள் மாடி அறை மேற்கு பார்த்தது என்பது உமக்குத் தெரியும். மூன்று ஜன்னல். கோடையில் இரண்டு மணிக்கு மேல் அங்கே துணியை விரித்துப் போட்டால் காய்வது மட்டுமல்ல, இஸ்திரியும் ஆகிவிடும். ஏசி வாங்கலாம் என்றாள் உம் அக்கா. வெயிலை உள்ளே விட்டுவிட்டு அதை வெளியே தள்ள ஒரு மெஷின் வாங்குவது, திருடனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு நாய் வாங்கப் போவது மாதிரி என்றேன். முப்பத்தொரு வருஷம் பஸ் பணிமனையில் சீட்டு தைத்தவன் நான். ரெக்சினும் ஸ்பாஞ்சும் எனக்குப் புதிதல்ல. நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து, வெப்பம் எந்தெந்த வழியாக உள்ளே வருகிறது என்று நானே படித்துத் தெரிந்துகொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. இன்ஜினியரிங் படித்தவர்களிடம் கேட்டால் குழப்பிவிடுவார்கள். உம் மூத்த மகனைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

ஐந்து அடுக்கு. வெளியே வெள்ளித் தாள், அடுத்து ஸ்பாஞ்சு, நடுவில் கம்பளி, மறுபடி ஸ்பாஞ்சு, உள்பக்கம் ரெக்சின். கம்பளி என்றது போன வருஷம் நீர் உம் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்ததுதான். வருத்தப்பட வேண்டாம். உம் தம்பி கொடுத்த சுவர்க்கடிகாரம் பரணில் கிடக்கிறது, உம் கம்பளி ஒன்றுதான் உழைக்கிறது. திரை எவ்வளவு தடிமன் என்பது முக்கியமில்லை மச்சான், ஓரம்தான் முக்கியம். ஓரத்தில் விரல் நுழையும் இடுக்கு இருந்தாலும் காற்று புகுந்து எல்லாம் வீண். அதனால் ஜன்னல் சட்டத்தைச் சுற்றி இரும்புப் பட்டை அடித்து, ரேடியோ மெக்கானிக்கிடம் பழைய ஸ்பீக்கர் காந்தங்களை வாங்கித் திரையின் ஓரத்தில் வைத்துத் தைத்தேன். திரை சட்டத்தோடு 'டப்' என்று ஒட்டியதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அன்றைக்கே அவளுடைய கொண்டை ஊசி, கத்திரிக்கோல், மூக்குக்கண்ணாடி எல்லாம் அங்கே போய் ஒட்டிக்கொண்டது உண்மைதான். "இனிமே எது காணாமப் போனாலும் தேட வேண்டாம், நேரா ஜன்னல்ல போய்ப் பாத்துக்கலாம்" என்றாள். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

திரை ஒவ்வொன்றும் பதினோரு கிலோ. அதைத் தூக்கக் கப்பியும் கயிறும், மறுமுனையில் மணல் மூட்டையும் கட்டினேன். திரை ஏறினால் மூட்டை இறங்கும். மூட்டைக்குக் கீழே நிற்கக் கூடாது என்று சுவரில் எழுதியும் ஒட்டினேன். மொத்தம் ஒன்பது விதிகள். முதல் விதி, மாதம் ஒருமுறை தூசி தட்டுவதற்குத் தவிரத் திரையைத் திறக்கவே கூடாது. உம் அக்கா அதைப் படித்துவிட்டு, "இது வீடா, பிளாஸ்கா? உள்ள ஊத்தி மூடி வைக்க நான் என்ன வெந்நீரா?" என்று கேட்டாள். விஞ்ஞானத்தை நக்கல் செய்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

பிறகு எதிர்வீட்டு மாடியில் இருக்கும் பல் டாக்டரம்மா வந்தார். என் வெள்ளித் தாளில் பட்ட வெயில் முழுவதும் திரும்பி அவருடைய நாற்காலியில் விழுகிறதாம். "ஐயா, வாயைத் திறங்கன்னா கண்ணை மூடுறாங்க. கண்ணைத் திறங்கன்னா வாயையும் சேர்த்து மூடுறாங்க. நான் எப்படி வைத்தியம் பாக்கறது?" என்றார். நீங்களும் ஒரு திரை மாட்டுங்கள், அது வெயிலை என்னிடம் அனுப்பும், நான் திருப்பி அனுப்புகிறேன், பொழுது சாயும்வரை பந்து விளையாடலாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து உம் அக்கா சிரித்தாள், ஆனால் அது அவர் பக்கம் நின்று சிரித்த சிரிப்பு. கடைசியில் வெள்ளித் தாளின் மேல் வெள்ளைத் துணி தைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் நடு ஜன்னலின் கண்ணாடி மதியம் மூன்று இருபதுக்குத் தானாகவே விரிசல் விட்டது. திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே சூடு அடைபட்டுக் கண்ணாடி தாங்காமல் போயிற்று. அது கண்ணாடியின் குற்றம். மாற்றிவிட்டேன்.

ஆனால் பலன்! தெர்மாமீட்டர் வாங்கித் தினமும் மூன்று மணிக்கு மாடி அறையிலும், திரை இல்லாத பக்கத்து அறையிலும் அளந்து நோட்டில் எழுதினேன். நாற்பத்து மூன்று நாள். ஒரு நாள் தவறாமல் நாலு டிகிரி குறைவு. பக்கத்து அறை முப்பத்தாறு என்றால் என் அறை முப்பத்திரண்டு. அறை கும்மிருட்டாக இருப்பதால் நானும் காலை ஏழரை மணிவரை அங்கேயே அசையாமல் தூங்கினேன். மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வீட்டுக்கு வீட்டுவசதி அலுவலகத்தில் சிக்கன வீடு என்று ஒரு சான்றிதழ் தருகிறார்கள். வாசலில் பதிக்கப் பித்தளைத் தகடும் உண்டு. வாழ்நாளில் எனக்கு யாரும் எந்தச் சான்றிதழும் கொடுத்ததில்லை மச்சான். நோட்டைப் பிரதி எடுத்து விண்ணப்பத்தோடு கொடுத்தேன்.

அந்த விண்ணப்பம்தான் வினை. அதில் 'வடிவமைத்தவர்' என்று ஒரு கட்டம், என் பெயர். 'பங்களித்தவர்கள்' என்று ஒரு கட்டம். 'எவருமில்லை' என்று எழுதினேன். உண்மையைத்தானே எழுத முடியும்? உம் அக்கா அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "நாலு டிகிரியும் நீங்களே இறக்கினதா?" என்று கேட்டாள். "வேற யாரு, நீயா?" என்றேன். சண்டை போடவில்லை, அழவில்லை. "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுச் சின்னப் பெட்டியை எடுத்தாள். கத்தினால் எனக்குப் பழக்கம், பதில் வைத்திருப்பேன். நான் விண்ணப்பத்தை உறையில் போட்டு ஒட்டினேன்.

இப்போது கேளும். அவள் போன மறுநாளிலிருந்து அறை குளிரவில்லை. முதல் நாள் இரண்டு டிகிரி குறைவு. அடுத்த நாள் அரை டிகிரி. நேற்று பக்கத்து அறையைவிட ஒரு டிகிரி கூட! திரை அதே திரை, காந்தம் அதே காந்தம், நான் ஒரு நொடி திறக்கவில்லை. தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று இன்னொன்று வாங்கினேன். இரண்டும் ஒரே கணக்கைச் சொல்கின்றன. இரண்டும் ஒரே கடையில் வாங்கியது, பேசி வைத்துக்கொண்டிருக்கலாம். கால் மணிக்கு ஒருமுறை எழுந்து போய்ப் பார்க்கிறேன். ஆய்வாளர் வந்து அளந்தால் என்னைப் பொய்யன் என்பார். நாற்பத்து மூன்று நாள் கணக்கின் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

யோசித்துப் பார்த்ததில் ஒரே விடைதான் வருகிறது. போவதற்கு முன் உம் அக்கா திரையில் எதையோ செய்துவிட்டுப் போயிருக்கிறாள். எங்கோ ஒரு தையலைப் பிரித்திருக்கிறாள். பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் எனக்கு அகப்படவில்லை. ஆகவே நீர் பொதுவாகப் பேசுவது போல் பேசி, என்ன செய்தாள் என்று கேட்டு உடனே அவளை அனுப்பி வைக்க வேண்டும். பதினாலாம் தேதிக்குள் அவள் இங்கு வந்து அதைச் சரிசெய்ய வேண்டும். மன்னிப்புக் கேட்டால் ஏற்றுக்கொள்வேன். நானாக அழைத்தேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம், ஏழாவது விதிப்படி தூசி தட்ட இரண்டு ஆள் வேண்டும் என்று சொல்லும்.

உம் பிள்ளைகள் படிப்பிலும் உடம்பிலும் குறைவில்லாமல் வளரட்டும். உம் மனைவிக்கு என் அன்பைச் சொல்லும். உமக்கும் என் ஆசி உண்டு, மேற்படி காரியத்தை முடித்தால் கூடுதலாகவும் உண்டு.

இப்படிக்கு,
நியாயம் தன் பக்கம் இருக்கும்
உம் அத்தான்

பின்குறிப்பு: பதினோராம் தேதி எழுதுவது. கடிதத்தை ஒட்டித் தபாலில் போடக் கிளம்பியபோது வாசலில் பல் டாக்டரம்மா நின்றிருந்தார். "அம்மா ஊர்ல இல்லையா? நாலஞ்சு நாளா விடிகாலையில ஜன்னல் திறக்கவே காணோமே" என்றார். எந்த ஜன்னல் என்றேன். தினமும் நாலரை மணிக்கு அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது உம் அக்கா கரண்டிக் காம்பால் காந்தத்தை நெம்பி, மூன்று திரையையும் ஏற்றி, ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்து, முதல் நாள் சூடு முழுவதையும் வெளியே அனுப்பிவிட்டு, வெயில் வருவதற்குள் எல்லாவற்றையும் பழையபடி மூடுவாளாம். "உங்க தூக்கம் கலையக் கூடாதுன்னு மெதுவா செய்வாங்க" என்றார். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மூன்று கப்பியிலும் என் தையல் மெஷின் எண்ணெய்.

அலுவலகத்துக்கு ஓடினேன். அந்த 'பங்களித்தவர்கள்' கட்டத்தைத் திருத்த வேண்டும் என்றேன். "அடித்தல் திருத்தல் கூடாது பெரியவரே, புது விண்ணப்பம்தான். கணக்கும் முதல் நாள்லேருந்து எழுதணும்" என்றார் குமாஸ்தா. ஆய்வாளர் வருகையை ரத்து செய்துவிட்டேன். புது விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பிக் கையோடு கொண்டுவருகிறேன். திரையின் வடிவமைப்பில் தவறே இல்லை என்பதை மட்டும் இப்போதும் சொல்வேன்.

தபால் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும் என்பதால் கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன். ஆகவே நீர் இதைப் படிக்கும்போது நான் உம் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். மேலே உள்ள பக்கங்களை மனதுக்குள் படித்துக்கொள்ளும். இந்தப் பின்குறிப்பை மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படியும், அடுக்களை வரை கேட்க வேண்டும்.