சங்குச்சித்தரும் திருஷ்டிப் பூசணிக்காயும்

செத்தவனுக்குத்தான் சங்கு ஊதுவார்கள். குலசேகரன்பட்டினம் கடற்கரையில் கொட்டகை போட்ட சங்குச்சித்தரோ, உயிரோடிருப்பவர்களுக்கே சங்கு வைத்தார். அவர் சங்கிலிருந்து தீர்த்தம் ஊற்றினால் கேன்சர் கெட்ட ரத்தமாக வெளியேறிவிடுமாம்! வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. பிறகென்ன, வேன் வேனாகக் கூட்டம். படித்தவர்கள் ஏசி காரில் வந்தார்கள். மூடத்தனத்துக்கும் வசதி வேண்டாமா?

தூத்துக்குடி விசைப்படகு டிரைவர் ரெக்ஸ், மனைவி விஜிலாவோடு வந்திருந்தான். அவள் மார்பில் கட்டி. ஆரம்ப நிலைதான், உடனே ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம் என்றார் டாக்டர். "கத்தி பட்டா பரவிரும்னு சொல்லுதாவளே" என்று ரெக்ஸ் ஒருமுறை தட்டிக் கழித்தாயிற்று. மறுபடி திங்கட்கிழமைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கும் இப்போது ஆபத்து.

சித்தர் மஞ்சள் துணியை ஒரு பெரியவரின் கழுத்தில் விரித்தார். உறுமினார். சங்குத் தீர்த்தத்தை ஊற்றினார். துணி செக்கச்செவேலென்று சிவந்தது! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ரெக்ஸ் சிலுவை போட்டுக்கொண்டான். சாமி வேறானாலும் பயம் ஒன்றுதானே.

அடுத்தது விஜிலா. அவள் படுக்கவில்லை. கொட்டகை வாசலில் தொங்கிய திருஷ்டிப் பூசணிக்காயை அவிழ்த்து வந்து பலகையில் வைத்தாள். அதன்மேல் சித்தர் வைத்திருந்த புது மஞ்சள் துணியை விரித்தாள். சித்தர் பாய்வதற்குள் சங்கை எடுத்து ஊற்றிவிட்டாள்.

துணி சிவந்தது.

"ஏன் சாமி, பூசணிக்காய்க்கும் கேன்சரா?"

யாரோ சிரித்தார்கள். விஜிலா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"மஞ்சள்ல சுண்ணாம்புத் தண்ணி பட்டா செவக்கத்தான் செய்யும். ஆரத்தி கரைக்காத பொம்பள யாராச்சும் இங்கன இருக்கியளா?"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மகான், அதற்குள் பைக்கில் ஏறிப் பறந்துவிட்டார்.

"ஒருவேள, அந்தக் காய்ல ஏதும் தோஷம் இருந்து..." என்று இழுத்தான் ரெக்ஸ்.

விஜிலாவுக்கு அழுகை வந்துவிட்டது. "ஒங்க போட்டு இன்ஜின் நின்னா மெக்கானிக்கத்தான கூப்பிடுதிய? எனக்கு மட்டும் சங்கா?"

ரெக்ஸ் தலை குனிந்தான். "திங்கக்கெழம காலையிலயே போயிருவோம்ளா."

மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் பைக்குள் போடாத ஊர் இது. உயிரை ஒப்படைக்கும்போது மட்டும் ஏன் ஐயா, கண்ணை மூடிக்கொள்கிறீர்கள்?