பதின்மூன்றாம் மாதத்தில் வேலை போனவள்

அடாமா,
வெள்ளிக்கிழமை, நோன்பின் ஆறாவது வாரம்.

என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அண்ணன் அட்னாஃபு பிடெவ் அவர்களுக்கு,

தங்கை அஸ்னாகெச் எழுதுவது. எப்படி இருக்கிறீர்கள்? அண்ணி எப்படி இருக்கிறார்? பிள்ளைகள், பக்கத்து வீட்டார், போன மாதம் கன்று போட்ட சிவப்புப் பசு, எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? நிஜமாகவே எப்படி இருக்கிறீர்கள்? கடவுள் புண்ணியத்தில் நான் நலம். வலது முழங்காலையும் வேலைவாய்ப்புத் தளத்தையும் விட்டால் எனக்கு வேறு குறை கிடையாது.

போன மாதம் நீங்கள் போனில் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "ஈஸ்டருக்குள்ள வேலை கிடைக்கலைன்னா வீட்டைக் காலி பண்ணிட்டு ஹவாசாவுக்கு வந்துடும்மா. பின்பக்கத்து ரூம் சும்மாத்தான் கிடக்கு. அண்ணிக்கும் கூடமாட ஒத்தாசையா இருக்கும்." நல்ல மனசோடுதான் சொன்னீர்கள், தெரியும். ஆனால் பிஸ்கட் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவள் நான், ஒரு சாவிக்கொத்தும் நாலு ஆட்களும் என் கையில் இருந்தன. அந்தக் 'கூடமாட' என்ற சொல்லை நினைத்து இரண்டு நாள் எனக்கு ஷிரோக் குழம்பு தொண்டையில் இறங்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். "இப்போ வேலையெல்லாம் இன்டர்நெட்டுலதான் கொட்டிக் கிடக்கு, போய் எடுத்துக்க வேண்டியதுதான்" என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். எடுக்கப் போனேன். நடந்ததை இதோ ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மஹ்லெட்டிடம் போனேன். இரண்டு பிள்ளை பெற்றவள், பொறுமைசாலி, எதற்கும் "பார்த்துக்கலாம் அக்கா" என்பாள். தளத்தைத் திறந்ததும் அது குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் பெயர், அப்பா பெயர், அவ்வளவுதானே. காலியாக விட்டால் சிவப்பாக முறைத்தது. சரியென்று அப்பா பெயரைப் போட்டேன். மறுநாளிலிருந்து 'அன்புள்ள திரு. பிடெவ், உங்களுக்குப் பொருத்தமான பதினான்கு வேலைகள் காத்திருக்கின்றன' என்று கடிதம் வர ஆரம்பித்தது. அப்பா போய்ப் பதினோரு வருடமாகிறது, உயிரோடு இருந்தபோது ஒருவரும் அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்ததில்லை, இப்போது தினம் பதினான்கு. அந்தப் பதினான்கையும் என்னென்று நினைத்தீர்கள்? என்ன வேலை தேடுகிறீர்கள் என்ற இடத்தில் நான் அவசரத்தில் வெறும் 'கீப்பர்' என்று அடித்திருக்கிறேன். கால்பந்து அணிக்கு கோல் கீப்பர் வேண்டுமாம், தேன் பண்ணையில் தேனீ கீப்பர் வேண்டுமாம். "என்ன வேணும்னு முழுசாச் சொல்லுங்கக்கா, எந்த ஊருன்னும் சொல்லுங்க, அதுக்கு மனசுல இருக்கிறது தெரியாது" என்று மஹ்லெட் திருத்திக் கொடுத்தாள். அதற்குள் தேன் பண்ணைக்கு விண்ணப்பம் போய்விட்டது.

விண்ணப்பம் என்றால் ஒன்றிரண்டு இல்லை அண்ணா, அறுபத்து மூன்று. ஒரே கடிதத்தை எல்லோருக்கும் தட்டிவிட்டேன். கஷ்டப்பட்டு எழுதிய கடிதம், 'பிஸ்கட்டே என் வாழ்க்கை' என்று ஆரம்பிக்கும். அது சிமென்ட் ஆலைக்கும் போயிற்று, தோல் பதனிடும் இடத்துக்கும் போயிற்று. அறுபத்து மூன்று பேரில் அறுபது பேர் வாயே திறக்கவில்லை. இரண்டு பேர் 'ஐம்பது வயதுக்குள் இருப்பவர்களே தேவை' என்றார்கள். எனக்கு நாற்பத்தேழு! மிச்சமிருந்த சிமென்ட் ஆலை அதிகாரி மட்டும் மரியாதையாகப் போன் செய்து ஒரு கேள்வி கேட்டார்.

"எட்டு வருஷமா வீட்டுல சும்மாவா இருந்தீங்க?"

"ஏழு மாசம்தாங்க ஐயா."

"நீங்க எழுதினது என் முன்னாடி இருக்கு. பொய் சொல்லாதீங்கம்மா."

வைத்துவிட்டார். பத்தொன்பது வருடத்தில் ஒரு மூட்டைக் கணக்கு தப்பாதவளைப் பொய்க்காரி என்றுவிட்டார். கடை வாசலிலேயே அழுதுவிட்டேன். மஹ்லெட் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, வருஷமெல்லாம் நம்ம கணக்குலயா போட்டீங்க? இது வெள்ளைக்காரன் கணக்கு. நமக்கு ரெண்டாயிரத்துப் பதினேழு, அவனுக்கு ரெண்டாயிரத்து இருபத்தஞ்சு!" அதாவது அண்ணா, தொழிற்சாலையை மூடிய 2016 அவர்களுக்கு ஆதிகாலம். நான் பிறந்த 1970 அவர்கள் கணக்கில் எட்டு வருடம் முந்தியதாம், அதனால் எனக்கு ஐம்பத்தைந்து வயதாம். இதில் இன்னொரு கூத்து, நம் தொழிற்சாலை மூடியது வருடக் கடைசியில் ஐந்தே நாள் வரும் நம் பதின்மூன்றாம் மாதம், பாகுமே மூன்றாம் தேதி. அந்தப் படிவத்தில் பன்னிரண்டு மாதம்தான் இருக்கிறது. மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன், பதின்மூன்றாவதைக் காணோம். நான் வேலை இழந்த மாதமே அவர்களிடம் இல்லையென்றால் எனக்கு எப்படி வேலை தருவார்கள்?

"எண்ணைப் பார்த்தா எட்டைக் கூட்டுங்க அக்கா, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு மஹ்லெட் பிள்ளைக்குச் சோறு ஊட்டப் போய்விட்டாள். நான் உட்கார்ந்து கூட்டினேன். எண்ணைக் கண்ட இடத்திலெல்லாம் கூட்டினேன். தெரிந்த மொழிகள் இரண்டு என்றிருந்ததைப் பத்தாக்கியிருக்கிறேன். ஆனால் பாருங்கள், இந்தத் தடவை ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்பினேன், ஊரின் தெற்கே இருக்கிற மக்ரோனி தொழிற்சாலைக்கு. அவர்கள் கேட்டிருந்த சொற்களையே போட்டு, பிஸ்கட்டை எடுத்துவிட்டு, அவர்களுக்கென்றே எழுதினேன். இரண்டே நாளில் செய்தி வந்துவிட்டது. 'வியாழன் 3 மணி, நேர்காணல்.'

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. சூரியன் உதித்து மூன்று மணி நேரம் போனால் நமக்கு மூன்று மணி. வெள்ளைக்காரனுக்கு மூன்று என்றால் நம் ஒன்பது மணி, பிற்பகல். தளமே அவன் கணக்கு, செய்தியும் அவன் கணக்காகத்தானே இருக்கும்? இன்னொரு தடவை ஏமாறுவேனா? நேற்று வெள்ளை அங்கி, வெள்ளைத் துப்பட்டாவோடு பிற்பகல் ஒன்பது மணிக்குப் போய் நின்றேன்.

காவலாளி கேட்டான். "எதுக்கும்மா வந்தீங்க?"

"இன்டர்வியூவுக்கு. மூணு மணின்னு போட்டிருந்தாங்க."

"மூணு மணிக்குத்தான் நடந்தது. காலைலயே பதினோரு பேரு வந்து முடிச்சுட்டுப் போயாச்சு. ஒன்பது மணிக்கு வந்து நிக்கிறீங்களே, நீங்க வேற நாடா?"

சொந்த ஊரில் இப்படி ஒரு கேள்வி! கால் வலி, உள்ளே ஒரு நிமிடம் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். உட்கார்ந்த இடத்துக்கு எதிரில் கிடங்கு. லாரி வந்து மாவு மூட்டை இறங்குகிறது. இறக்குகிற ஆட்கள் மூட்டையைச் சுவரோடு ஒட்டி அடுக்குகிறார்கள் அண்ணா! வெறும் தரையில்! புது மூட்டையைப் பழையதுக்கு முன்னால்! எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? எழுந்து போய்க் கத்தினேன். "சுவத்துல ஒட்டாதேடா, ஈரம் ஏறும்! கீழ பலகை போடு! பழசை முன்னால இழு!" யாரோ புது அதிகாரி என்று நினைத்து ஆறு பேரும் கேட்டார்கள். பொழுது சாயும்வரை நின்று முழுக் கிடங்கையும் மாற்றி அடுக்க வைத்துவிட்டு, வெள்ளை அங்கியெல்லாம் மாவோடு வீடு வந்து சேர்ந்தேன். வேலையில்லாதவள் ஊரான் கிடங்கை அடுக்கிவிட்டு வந்திருக்கிறாள், என்னை என்னவென்று சொல்வது?

ஆகவே இத்தால் தெரிவித்துக்கொள்வது, நான் தோற்றுவிட்டேன். நீங்கள் சொன்னதே சரி. பின்பக்கத்து அறையைக் கூட்டி வைக்கச் சொல்லுங்கள். கட்டிலும் காபிச் சட்டியும் கொண்டு வருகிறேன், மற்றதை இங்கேயே கொடுத்துவிடுகிறேன். கூடமாட இருக்கிறேன். அண்ணியை ஒரு சொல் எதிர்த்துப் பேசமாட்டேன். தேவமாதா உங்கள் வீட்டுக் கூரையையும் அதன் கீழ் இருக்கும் எல்லோரையும், பசு கன்று உட்பட, காத்து நிற்கட்டும்.

உங்கள் காலைத் தொட்டு வணங்கும்,
அஸ்னாகெச்

பி.கு. அண்ணா, கடிதத்தை ஹவாசா பேருந்தில் கொடுக்கக் கிளம்பியபோது போன் வந்தது. மக்ரோனி தொழிற்சாலை மேலாளர் அம்மா பேசினார். "கூப்பிட்டதுல இன்டர்வியூவுக்கு வராதது நீங்க ஒருத்தர்தான். நேத்து எங்க கிடங்கை அடுக்கினது நீங்கதானா? பத்து மொழின்னு போட்டிருக்கீங்க, எந்த மொழியில திட்டினீங்களோ தெரியல, காலைல திறந்து பார்த்தேன், அப்படியே நின்னுட்டேன். திங்கட்கிழமை வந்து சாவியை வாங்கிக்குங்க" என்றார். மொழி இரண்டுதான் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன், அது போதும் என்றார். நடுத்தெருவில் நின்று அழுதேன், கடையிலிருந்து ஓடி வந்த மஹ்லெட்டும் அழுதாள். மேலே எழுதியதில் கடைசிப் பத்தியை அண்ணிக்கு வாசித்துக் காட்டாதீர்கள். அறையைக் கூட்டி வைக்கச் சொன்னது மட்டும் இருக்கட்டும். ஈஸ்டருக்கு விருந்தாளியாக வருகிறேன். மூன்று நாள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, நாலாம் நாள் காலையில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "எனக்கு வேலை இருக்கு, கிளம்புறேன்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்காகவே வருகிறேன்.