உபதேசியாரின் கண்ணீர்

"இந்த விவாகத்துக்கு ஆட்சேபணை சொல்லுவார் யாராவது உண்டா?" என்று சபையைப் பார்த்துக் கேட்டார் நேசையா உபதேசியார். கேட்ட கையோடு அவர் கண்ணிலிருந்தே பொலபொலவென்று நீர் கொட்டிற்று.

பெனியேல்புரம் கோயிலில் அத்தனை தலையும் நிமிர்ந்தது. வாசித்தது சபைத் தலைவர் அப்பாத்துரையின் மகள் பியூலாவுக்கான கல்யாண ஓலை. மூன்று ஞாயிறு வாசித்து, மூன்று தடவையும் ஒருவரும் வாய் திறக்காவிட்டால்தான் தாலி ஏறும். இது முதல் ஞாயிறு. மாப்பிள்ளை ஆழ்வார்குறிச்சியில் வாத்தியார். அவருடைய தகப்பனார் முன்பாயில் உட்கார்ந்து, உபதேசியாரின் கன்னத்தில் நீர் இறங்குவதை ஆதியோடந்தமாகப் பார்த்துவிட்டார்.

அந்தக் கண்ணீருக்கும் பியூலாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது மூன்று சின்ன வெங்காயத்தின் வேலை. கடைசி ஜெபத்துக்கு ஆகட்டுமே என்று காலையில் நசுக்கித் தம் துண்டின் கரையில் தேய்த்து வைத்திருந்தார். ஓலை வாசிக்கும்போது புழுக்கம் தாளாமல் அதே துண்டால் முகத்தைத் துடைத்துத் தொலைத்தார்.

இது இன்று நேற்றுப் பிடித்த பழக்கமல்ல. இருபது வருஷத்துக்கு முன் அவர் நடத்திய முதல் அடக்க ஆராதனையில் கண் நனையவில்லை. "கல்மனசுக்காரரு" என்று ஊர் பேசியது. அவர் மனைவி ஜெபராணிக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த சாவுக்குத் துண்டின் ஓரத்தில் மூக்குப்பொடியைத் தடவி மடித்துக் கொடுத்தாள். உபதேசியார் அழுதார், ஊரே அழுதது. அது முதல் சனிக்கிழமைதோறும் துண்டை மடித்து வைப்பது அவள் பாடு. அவர் கேட்டதுமில்லை, பிரித்துப் பார்த்ததுமில்லை. 'கண்ணீர் உபதேசியார்' என்று சுற்றுவட்டாரம் புகழும்போதெல்லாம், தான் ஒரு வேஷக்காரன் என்று அவர் மனம் குமைந்துகொண்டே இருந்தது.

போன மாதம் மூன்றே நாள் காய்ச்சலில் ஜெபராணி போய்விட்டாள். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. துண்டை மடித்துக் கொடுக்கிறவளே பெட்டியில் கிடந்ததால், வெறுந்துண்டோடு குழிக்கரையில் நின்றார். ஒரு சொட்டு வரவில்லை. நெஞ்சு என்னவோ இறுகிக் கிடந்தது. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. ஆனால் சபை கண்ணைத்தானே பார்க்கும்! ஊராருக்கெல்லாம் அழுத மனிதர் சொந்தப் பெண்டாட்டிக்கு அழவில்லை என்று ஒரு மாதமாகப் பேச்சு. அந்தப் பேச்சை அடக்கத்தான் வெங்காயம்.

ஆராதனை முடிந்ததும் அப்பாத்துரை அவரைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார்.

"என்னவே இது? பொண்டாட்டி குழியில ஒரு சொட்டு இல்ல. எம்மவ ஓலைக்கு ஆறாட்டம் ஓடுது!"

"அண்ணாச்சி, அது வந்து..."

"ஆட்சேபணை இருந்தா வாயால சொல்லணும்வே, கண்ணால சொல்லக்கூடாது! மாப்ள வீட்டுக்காரன் என்ன கேக்கான் தெரியுமா? 'உபதேசியாருக்கே பொண்ணு மேல ஒரு இது உண்டோ'ங்கான்!"

உபதேசியாருக்கு உடம்பெல்லாம் கூசியது. பியூலாவுக்கு ஞானஸ்நானத்தன்று தொட்டில் ஆட்டியவர் அவர். இதை உடனே சரிசெய்ய வேண்டும் என்று மறுநாளே அப்பாத்துரை வீட்டுக்குப் போய், பெண்ணுக்காக ஒரு ஆசீர்வாத ஜெபம் செய்தார். மறந்தும் முகத்தில் துக்கம் தெரிந்துவிடக் கூடாதே என்று ஜெபம் முடிகிற வரைக்கும் பல் தெரியச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருப்பார்கள் என்று அவர் நம்பியதுதான் பிசகு. அப்பாத்துரையின் மனைவி எலிசபெத் எந்த ஜெபத்திலும் ஒரு கண்ணைத்தான் மூடுவாள்.

"ஆமென்" சொல்லி முடிப்பதற்குள் அவள் கூப்பாடு போட்டாள். "ஏங்க, இந்த மனுசன் இளிக்காரு! எம்பிள்ளையப் பாத்துப் பாத்து இளிக்காரு!"

அன்று சாயங்காலமே ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஆள் வந்தது. சங்கதி தெளிகிற வரைக்கும் ஓலையை நிறுத்தி வைக்கவும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இனி உண்மையைச் சொல்வது ஒன்றே வழி என்று உபதேசியார் தீர்மானித்தார். வாழ்க்கையில் அவர் செய்த பெரிய தைரியமும் அதுதான், பெரிய தப்பும் அதுதான்.

"அண்ணாச்சி, நான் அழல. அது வெங்காயம்."

அப்பாத்துரை பைய ஒரு கணக்குப் போட்டார்.

"அப்ப இருவது வருசமா நீரு அழுததெல்லாம் வெங்காயமா?"

"இல்ல அண்ணாச்சி, அது மூக்குப்பொடி."

"எங்கம்மா அடக்கத்துல விக்கி விக்கி அழுதீரே?"

"பொடிதான்."

"எந்தம்பிக்கு?"

"அதுவும்..."

"நிறுத்தும்வே!" அப்பாத்துரை நாலு பக்கமும் பார்த்தார். "இது வெளிய வரக்கூடாது. எங்கம்மா அடக்கத்த இன்னைக்கும் அஞ்சு ஊர்க்காரன் சொல்லுதான். மூக்குப்பொடிக்கு அழுதாருன்னு தெரிஞ்சா எங்குடும்பத்துக்கு என்ன மரியாதை?"

"குருவானவர்ட்ட நானே சொல்லி மன்னிப்புக் கேட்டுருதேன்."

"ஒண்ணும் வேண்டாம்! வார ஞாயித்துக்கெழம குருவானவர் வருதாரு. ஒம்ம வீட்டம்மாவுக்கு நினைவு ஆராதனை வைப்போம். மாப்ள வீட்டையும் கூப்பிடுதேன். நீரு நின்னு அழணும். அன்னைக்கு வந்த கண்ணீரும் பொண்டாட்டி நெனப்புலதான்னு அவங்க நம்பணும்."

"அண்ணாச்சி, அவளுக்காகப் பொய்யா அழச் சொல்லுதீகளா?"

"பொடி போட்டாவது அழும்வே! இல்லன்னா திங்கக்கெழம ஒம்மள தெக்க செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் மாத்தச் சொல்லிருவேன். என் வாக்கை குருவானவர் தட்டமாட்டாரு." சொல்லிவிட்டு அப்பாத்துரை வேதபுத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜெபக்கூட்டத்துக்குப் புறப்பட்டார். அன்றைய ஜெபக்கூட்டத்தில் உள்ளத்தில் உண்மை வேண்டும் என்று அரைமணி நேரம் பேசியதாகக் கேள்வி.

வேலை போனால்கூட உபதேசியாருக்குக் கவலையில்லை. ஆனால் ஜெபராணியின் குழி கோயிலுக்குப் பின்னால் இருந்தது. தினமும் அந்தி சாய்வதற்குள் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் நடந்தது மத்தியானம் நடந்தது எல்லாம் அவளிடம் சொல்லிவிட்டு வருவார். தேரிக்காட்டுக்கு மாற்றிவிட்டால் அதுவும் போச்சு. அவருக்கென்று மிஞ்சியிருந்தது அந்த மண் ஒன்றுதான்.

நான்கு நாள் தனியே உட்கார்ந்து வெறுந்துண்டோடு அழுது பார்த்தார். தான் அழுகிறோமா என்று தானே பார்த்துக்கொண்டிருந்தால் எங்கே அழுகை வரும்? வெங்காயத்தின் பக்கம் இனிப் போவதாக இல்லை. கடைசியில், சனிக்கிழமை மத்தியானம் சேரன்மகாதேவிக்கு நடந்தார். வழி நெடுகத் தாமிரபரணி நிறைந்து போய்க்கொண்டிருந்தது. அவர் கண் மட்டும் காய்ந்து கிடந்தது. 'இருபது வருஷமாக ஊரை ஏமாற்றினேன் ஆண்டவரே, நாளைக்கு அவளையும் ஏமாற்றப் போகிறேன்' என்று சொல்லிக்கொண்டே நடந்தார். இவ்வளவு கேவலமாக அவர் என்றும் உணர்ந்ததில்லை.

ஜெபராணி சந்தைக்குப் போகும்போதெல்லாம் பொடி வாங்குவது ஹமீது பீவியின் கடையில் என்று அவருக்குத் தெரியும். உபதேசியார் வீட்டில் பொடி என்றால் ஊர் சிரிக்கும் என்பதால் மடியில் மறைத்துக் கொண்டுவருவாள் என்பதும் தெரியும். கடைக்குள் இதுதான் முதல் தடவையாக நுழைகிறார்.

ஹமீது பீவி அவரைக் கண்டதும் எழுந்துவிட்டாள். "வாங்க உபதேசியாரே. அந்தப் பிள்ள ஜெபராணி போயிட்டாள்னு கேட்டதுலேருந்து எனக்கு மனசே சரியில்ல. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. குனிந்த தலை நிமிராமல், "பீவியக்கா, பொடி வேணும்" என்றார்.

"ஒங்களுக்கா?"

"அவ வாரா வாரம் வாங்குவாள்லா, அதே பொடி. காரமா இருக்கணும். நாளைக்கு அவளுக்குத்தான் ஆராதனை."

ஹமீது பீவி பொடி டப்பாவைத் தொடவில்லை.

"அக்கா, நேரமாச்சு. துண்டுல தடவி வைக்கணும்."

"அவ எங்கிட்ட பொடி வாங்கி பதினோரு வருசம் ஆச்சே உபதேசியாரே! 'அவிய நெசமாவே அழ ஆரம்பிச்சுட்டாவ அக்கா, இனிமே வெறுந்துண்டே போதும். அவியகிட்ட மட்டும் சொல்லிராதீக, தெரிஞ்சா வெக்கப்பட்டு நிறுத்திருவாவ'ன்னுட்டுல்லா போனா!"