யாருக்கும் கேட்காத டொக்

2022 செப்டம்பர் 15, வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அன்னாபா பேருந்து நிலையத்திலிருந்து திலிம்சான் பேருந்து புறப்பட்டது. மனைவி வர்தாவை அதில் ஏற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பிய பூஜெமாவின் கார், முதல் வேகத்தடையைத் தாண்டும்போது முன்பக்கத்தில் "டொக்" என்றது.

நிலையத்திலிருந்து வீடு வரை பதினேழு வேகத்தடைகள். ஆறு நகராட்சி போட்டவை; மீதி, தெருக்காரர்கள் தாங்களே சிமெண்ட் குழைத்துப் போட்டுக்கொண்டவை. பதினேழிலும் டொக்.

வர்தா போனது மகள் ஸிஹாமின் பிரசவத்துக்கு. அன்னாபா நாட்டின் கிழக்குக் கோடி; திலிம்சான் மேற்குக் கோடி. ஆனாலும் நாற்பது நாளில் திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு. பிறந்தவை இரட்டை. ஒன்று தூங்கினால் மற்றது விழித்துக்கொள்ளும் ரகம். நாற்பது எண்பதாயிற்று. அதற்கு மேல் யாரும் நாட்களை எண்ணவில்லை, பூஜெமாவைத் தவிர.

அவர் உருக்காலையில் முப்பத்தொரு வருடம் இயந்திரப் பராமரிப்பில் இருந்தவர். ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் இயந்திரத்தில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தினால், எந்த பேரிங் எந்த வாரம் போகும் என்று சொல்லிவிடுவார். பொறியாளர்கள் அவரைத் தேடி வருவார்கள். ஓய்வு பெற்றபோது கடிகாரம் கொடுத்தார்கள். காது அவரிடமே இருந்தது. அந்தக் காது சொல்லிற்று: முன்பக்கம், வலது சக்கரம், இரும்பில் இரும்பு.

மறுநாளைக்கு மறுநாள் மெக்கானிக் துஃபீக்கிடம் போனார். துஃபீக் நாற்பது வயதுக்காரன், தாராளமான உடம்பு. அந்த ஊரில் கார் ஓட்டுபவர் இடப்பக்கம்; அவன் வலப்பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"நீங்க ஓட்டுங்க ஹாஜ். நான் கேக்குறேன்."

எட்டு வேகத்தடை ஏறி இறங்கினார்கள். சத்தமே இல்லை.

"வர்ற வழியெல்லாம் பேசிச்சே," என்றார் பூஜெமா.

"என்னைப் பாத்து வெக்கப்படுது போல."

இடம் மாறி, துஃபீக் ஓட்டினான். பூஜெமா பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். சாவியைத் தனியாக இன்னொருவர் கையில் கொடுக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அப்போதும் கார் வாய் திறக்கவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள். எல்லாம் கெட்டியாக இருந்தது. கைகொடுத்துவிட்டுப் புறப்பட்டார். பட்டறை வாசலைத் தாண்டி, முனை திரும்பியதும் டொக்.

பிறகு நடந்தது அவருடைய பிடிவாதத்தால் நடந்தது. முன்பக்க ஷாக் அப்ஸார்பர் இரண்டையும் மாற்றச் சொன்னார். மாற்றியும் டொக். கீழே உள்ள ரப்பர் புஷ்களை மாற்றச் சொன்னார். டொக் போகவில்லை, ஸ்டியரிங் மட்டும் வலது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. அதைச் சரிசெய்ய வேறொரு பட்டறைக்குப் போனார். அங்கே இழுப்பைச் சரிசெய்தார்கள். அதன்பின் இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹாரன் அடித்தது. மசூதி முனையில் இடது பக்கம்தான் திரும்ப வேண்டும். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வந்தவர்கள் ஆளாளுக்குத் திரும்பிப் பார்த்து சலாம் சொன்னார்கள்.

மேல் வீட்டு ஸலீஹா இது கண்ணேறுதான் என்று முடிவு கட்டி, பித்தளையில் செய்த ஐவிரல் கையொன்றைக் கொண்டுவந்து கார்க் கண்ணாடியின் முன் தொங்கவிட்டாள். மறுபடி துஃபீக்கை ஏற்றிக்கொண்டு ஓட்டியபோது, முதல் தடையிலேயே கணீரென்று சத்தம் கேட்டது.

"கேட்டுச்சு ஹாஜ், கேட்டுச்சு," என்றான் துஃபீக். கையை நீட்டி அந்தப் பித்தளைக் கையைக் கழற்றி, பூஜெமாவின் சட்டைப்பையில் போட்டான். "சரியாயிடுச்சு."

பட்டறையில் இருந்தவர்கள் அதைப் பல நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

வர்தாவிடம் தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு போனில் பேசுவார். பின்னணியில் ஒரு குழந்தையாவது அழுதுகொண்டிருக்கும்.

"நீ போன அன்னிக்குத்தான் ஆரம்பிச்சது," என்றார் ஒருநாள்.

"எனக்கு முட்டி வலி எப்ப ஆரம்பிச்சதுன்னு என்னிக்காவது கேட்டிருக்கியா மனுஷா?"

"வலது சக்கரம்கிறேன்."

"ஸிஹாம் என்ன சொல்றா தெரியுமா? வாப்பா என்னை வரவழைக்கச் சத்தம் தயாரிக்கிறாராம்."

பூஜெமா போனை வைத்துவிட்டார். திட்டினால் தாங்கியிருப்பார். முப்பத்தொரு வருடத்தில் அவர் காது ஒரு பொய் சொன்னதில்லை.

ஸிஹாமின் வற்புறுத்தலில் காது டாக்டரிடம் போனார். காது இருபது வயதுக்காரனுடையது என்று டாக்டர் சான்று எழுதிக் கொடுத்தார். அதுவே வினையாயிற்று. காது சரியென்றால், கோளாறு காதுக்கு மேலே இருப்பதாக மகள் முடிவு செய்தாள். அடுத்த அழைப்பில், வீட்டைப் பூட்டிவிட்டுத் திலிம்சானுக்கே வந்துவிடுங்கள், கார் இனி எதற்கு, விற்றுவிடலாம் என்றாள். இரட்டையர் இருந்த அறையில் அவருக்கு ஒரு கட்டில் போட இடமிருக்கிறதாம்.

ரமலான் வந்தது. மாலையில் ஸலீஹா ஒரு கிண்ணம் ஷோர்பா சூப் கொண்டுவந்து கொடுப்பாள். மேசையில் கை பழக்கத்தில் இரண்டு கரண்டி எடுத்து வைத்துவிடும். சாப்பிட்டு முடித்து இரண்டையும் கழுவி வைப்பார். பெருநாளுக்கு வர்தா வருவதாக இருந்தது. குழந்தைகளுக்கு அம்மை போட்டதில் அதுவும் நின்றுபோயிற்று.

காரில் மட்டும் ஒரு ஒழுங்கைக் கடைப்பிடித்தார். பக்கத்து சீட்டில் வர்தாவின் முதுகுத் தலையணை அப்படியே இருந்தது. ரவை மூட்டை, காஸ் சிலிண்டர், ஏன், ரொட்டி வாங்கினால்கூடப் பின்னால்தான் வைப்பார்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஆள் ஏறினால்தானே கார் வாயை மூடிக்கொள்கிறது? போன் ஏறினால் தெரியவா போகிறது? போனில் பதிவை ஓடவிட்டு, அந்தத் தலையணைக்கு அடியில் செருகிவைத்து, பதினேழு தடைகளையும் போகவர ஏறி இறங்கினார். முப்பத்துநான்கு டொக். வீடு வந்ததும் போட்டுக் கேட்கக்கூடப் பொறுமையில்லாமல் நேரே வர்தாவுக்கு அனுப்பினார். நாற்பத்தாறு நிமிடம்.

வர்தாவின் அழைப்பு மறுநாள் காலையில் வந்தது. அதிசயமாக எந்தக் குழந்தையும் அழவில்லை.

"கேட்டியா?" என்றார்.

"முழுசும் கேட்டேன்."

"எத்தனை தடவை?"

"டொக்கும் இல்ல, டக்கும் இல்ல. தலையணைக்கு அடியில வச்சா என்ன கேக்கும்? நீ பேசுறதுதான் கேட்டுச்சு."

தான் பேசியதாக அவருக்கு நினைவே இல்லை.

"மீன் மார்க்கெட் வளைவுல 'சரி, மெதுவாத்தான் போறேன், கத்தாதே'ன்னு சொல்றே. போரெக் பொரிக்கிற கடைக்காரன் ஒண்ணா ரெண்டான்னு கேக்குறான். ரெண்டுங்கிறே. அப்புறம், இல்ல இல்ல, ஒண்ணுங்கிறே."

பூஜெமா போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். அடுத்து அவள் சொன்னது அந்தக் கூர்மையான காதுக்கே மெல்லத்தான் கேட்டது.

"சனிக்கிழமை பஸ் ஏறுறேன். அந்தச் சத்தத்தை நானே வந்து பாக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பேருந்து நிலையத்தில் அவள் இறங்கினாள். திலிம்சானில் எட்டு மாதம் ஓடியும் உடம்பு இளைத்திருக்கவில்லை. தலையணையைத் தட்டிச் சரிசெய்து உட்கார்ந்தாள். முதல் தடையில் பூஜெமா மூச்சைப் பிடித்துக்கொண்டார். சத்தமில்லை. இரண்டாவதில் இல்லை. ஒன்பதாவதில் அவர் நெற்றி வியர்த்தது.

"எங்கே?" என்றாள் வர்தா.

"பொறு."

"ரெண்டு பச்சைப் பிள்ளைங்களை விட்டுட்டு ராத்திரி பூரா குலுங்கி வந்திருக்கேன் மனுஷா. எங்கே?"

வீட்டுக்குப் போகாமல் நேராகத் துஃபீக்கின் பட்டறைக்கு ஓட்டினார். மூன்று பேராக வாசல் தடையில் நாலு முறை ஏறி இறங்கியும் பயனில்லை. இன்றைக்கே திரும்பிப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று வர்தா துஃபீக்கிடம் விசாரித்துக்கொண்டே காரைவிட்டு இறங்கினாள். துஃபீக்கும் இறங்கினான். காரை ஓரம் கட்டுவதற்காகப் பூஜெமா தனியாகப் பின்னால் எடுத்தார்.

டொக்.

தெருவில் நின்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

துஃபீக் காரைத் தூக்காமல், சக்கரம் தரையில் இருக்கும்படியே விட்டு, அடியில் படுத்துக் கையை நுழைத்தான். ஒரு நிமிடத்தில் வெளியே வந்தான். வலது சக்கரத்தையும் குறுக்குக் கம்பியையும் சேர்த்துப் பிடிக்கும் சாண் நீள லிங்க் ராடு ஒன்று தேய்ந்து, மூட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஜாக்கியில தூக்கினா இது இறுகிக்கும், ஆடாது. இந்தப் பக்க சீட்ல ஆள் உக்காந்தாலும் அழுந்தி நின்னுக்கும்," என்றான். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே மரியாதையாக வர்தாவைப் பார்த்தான். "இது நேத்து போனதில்ல ஹாஜ். அஞ்சாறு வருஷம் ஆகியிருக்கும். லல்லா எப்பவும் பக்கத்துல உக்காந்திருந்ததால தெரியல."

"அப்ப நான் மூட்டைங்கிறியா தம்பி?" என்றாள் வர்தா.

"மூட்டை இல்ல லல்லா. ஸ்பேர் பார்ட்ஸ்."

அந்தப் பழைய காருக்கு லிங்க் ராடு அன்னாபாவில் எங்கும் கிடைக்கவில்லை. அல்ஜியர்ஸுக்குச் சொல்லிவிட்டிருப்பதாகவும், இறக்குமதி நின்றுபோயிருப்பதால் எப்போது வருமென்று சொல்ல முடியாதென்றும் துஃபீக் சொன்னான். வர்தா மகளுக்குப் போன் செய்து தீர்மானமாக அறிவித்தாள். லிங்க் ராடு வரும்வரை இங்கே இருப்பாள். மாட்டிய மறுநாள் புறப்படுவாள்.

அதன்பின் பூஜெமா தனியாகக் கார் ஓட்டவில்லை. மீன் மார்க்கெட் வளைவில் வர்தா மெதுவாகப் போகச் சொன்னாள். அவர் கத்தாதே என்றார். போரெக் கடைக்காரன் கேட்காமலே இரண்டைக் கட்டிக் கொடுத்தான். வாரத்துக்கு ஒருமுறை பட்டறைக்குப் போய், இன்னும் வரவில்லை என்ற செய்தியோடு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். முகத்தை அப்படி வைத்துக்கொள்வது வரவரக் கடினமாக இருந்தது. வர்தாவும் ஒவ்வொரு முறையும் உச்சுக்கொட்டி, இந்த நாட்டில் ஒரு இரும்புத் துண்டுக்குக்கூட வழியில்லை என்றாள்.

ஏழாவது வாரம் அவருக்குத் தூக்கம் கெட்டது. அல்ஜியர்ஸிலிருந்து எந்த லாரி வந்தாலும் அதில் அந்த லிங்க் ராடு இருக்கக்கூடும். ரொட்டி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, பட்டறைக்கு நடந்தே போனார். துஃபீக் தனியாக இருந்தான். பூஜெமா வானிலை பேசினார். இரட்டையருக்குப் பல் முளைப்பதைப் பற்றிப் பேசினார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"அந்த லிங்க் ராடு... வந்தா உடனே மாட்டணும்னு இல்ல. வந்தாலும் வரலன்னே சொல்லு. எங்கிட்டக்கூட."

துஃபீக் அலமாரியைத் திறந்து, ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இது வந்து இருபத்திமூணு நாள் ஆச்சு ஹாஜ். உங்ககிட்ட வரலன்னு சொல்லச் சொன்னது லல்லா வர்தா."

பெட்டி மறுபடி அலமாரிக்குள் போயிற்று.