இருபத்திரண்டு கேள்விகளும் ஒரு டவுன் பஸ்ஸும்

நிலா, கவின், ரெண்டு பேரும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அப்பன் ஒரு காலத்தில் எழுத்தாளனாக இருந்தான். மொத்தம் இரண்டு பக்கம் எழுதினான். அந்த இரண்டு பக்கத்தால் நீங்கள் இரண்டு மாதம் கூடுதலாக நடந்து பள்ளிக்கூடம் போனீர்கள். (உங்கள் அம்மா கணக்கில் மூன்று மாதம். அவள் பரீட்சை லீவையும் சேர்த்துவிடுகிறாள்.)

எல்லாவற்றுக்கும் காரணம் பேப்பர். பத்தாவதோடு நின்ற எனக்கு, லாரி பட்டறையில் டீ வரும் நேரத்தில் நடுப்பக்கக் கட்டுரை படிப்பதுதான் காலேஜ். அந்தக் கட்டுரைகளில் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள், கேட்பார்கள். சாக்கடை அடைத்திருந்தால் ‘சாக்கடை அடைத்திருக்கிறது’ என்று எழுதுவது என்னைப் போன்றவன் வேலை. ‘இதுதானா நாம் கனவு கண்ட நகரம்?’ என்று எழுதுபவர்தான் அறிஞர். கடைசி வரியில் ‘விழித்துக்கொள்ளுமா நிர்வாகம்?’ என்று போட்டுவிட்டு அவர் தூங்கப் போய்விடலாம். யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் அதிலுள்ள வசதி.

எனக்கு அது ஒட்டிக்கொண்டது. குழம்பில் உப்பு குறைந்தால்கூட, ‘உப்பு என்று ஒன்று இருப்பதையே இந்த வீடு மறந்துவிட்டதா?’ என்றுதான் கேட்பேன். (பதில் வந்தது. டப்பாவோடு, தட்டுக்குப் பக்கத்தில், சத்தமாக.)

அந்தச் சமயத்தில்தான் ரோட்டை அகலப்படுத்தினார்கள். அதுவரை நம்ம ஊருக்குத் திரும்பும் பிரிவில் நின்றுகொண்டிருந்த மல்லசமுத்திரம் டவுன் பஸ், ரோடு நன்றாக இருக்கிற சந்தோஷத்தில் நிற்பதை விட்டுவிட்டது. நீங்களும் மற்ற பதினோரு பிள்ளைகளும் அடுத்த நிறுத்தம் வரை இரண்டு கிலோமீட்டர் நடந்தீர்கள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுப்பது என்று பால் சொசைட்டியில் முடிவானது. பேப்பர் படிக்கிற ஆள் என்பதால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. சொசைட்டியில் பால் அளக்கும் ராசு அண்ணன், “நாலு வரி போதும் சாமி” என்றார். நாலு வரியா? நான் என்ன கல்யாணத்துக்குத் தந்தியா அடிக்கிறேன்? (பார்த்தீர்களா, இன்னும் போகவில்லை.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதினேன். எழுதி முடித்து நானே படித்து நானே கண் கலங்கினேன். ஊரே படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது. அவ்வளவு நம்பிக்கை. நாமக்கல் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கிய அதிகாரி அம்மா இரண்டு பக்கத்தையும் புரட்டிவிட்டு, “கோரிக்கை என்னங்க?” என்று கேட்டார். “எல்லாம் உள்ள வெளக்கமா இருக்குதுங்க” என்றேன். அந்த அம்மாவுக்குப் படிக்கப் பொறுமையில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினேன்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. தனியாகப் படிப்பேனா? காலையில் எல்லோரும் பால் ஊற்ற வரும் நேரமாகப் பார்த்து, சொசைட்டி வாசலில் நின்று சத்தமாக ஆரம்பித்தேன். அந்த ஆபீஸில் யாரோ ஒரு புண்ணியவான் என் கேள்விகளுக்கெல்லாம் நம்பர் போட்டு, ஒன்றுவிடாமல் பதில் எழுதியிருந்தார்.

‘பேருந்து நிற்காத ஊர் ஓர் ஊரா?’ – வருவாய்த்துறை ஆவணங்களின்படி, ஆம்.

‘நாங்களும் மனிதர்கள்தானே?’ – ஆம்.

‘இந்தப் பிஞ்சுக் கால்கள் செய்த பாவம்தான் என்ன?’ – இவ்வலுவலகத்தில் அது குறித்த பதிவுகள் ஏதும் இல்லை.

‘எங்கள் குரல் அதிகாரிகளின் செவிகளில் விழுமா?’ – விழுந்தது.

ஏழாவது கேள்விக்கு வந்தபோது கூட்டம் முந்திக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டது. நிறுத்தலாம் என்று பார்த்தேன், விடவில்லை. கடைசிப் பத்தியை மட்டும் மெதுவாகப் படித்தேன். ‘மனுதாரரின் இருபத்திரண்டு கேள்விகளுக்கும் உரிய பதில் அளிக்கப்பட்டது. மனுவில் கோரிக்கை ஏதும் காணப்படாததால், மனு முடித்து வைக்கப்படுகிறது.’

பால் கேனோடு நின்ற உங்கள் அம்மா என் பக்கத்தில் வந்தாள். “ஏனுங்க, பஸ்ஸு நிக்கோணும்னு எந்த எடத்துல எழுதியிருக்கறீங்க?”

மனு நகலைப் புரட்டினேன். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். எதுவும் எழுதாத பின்பக்கத்தைக்கூட ஒருமுறை பார்த்தேன்.

“கேட்டதுக்கெல்லாம் பதில் வாங்கிட்டியே சாமி” என்றார் ராசு அண்ணன். “இது பெரிய பெரிய ஆளுங்களுக்கே கெடைக்காது.”

அடுத்த திங்கட்கிழமை உங்கள் அம்மா போனாள். அவள் மனு இரண்டே வரி. ‘காலை எட்டேகால் பேருந்து எங்கள் பிரிவில் நிற்க வேண்டும். பதின்மூன்று பிள்ளைகள் ஏறுவார்கள்.’ மூன்றாம் வாரம் பஸ் நின்றது.

அதற்கப்புறம் இந்த வீட்டில் நான் கேள்வி கேட்டுப் பிழைக்க முடிந்ததா? “காப்பி கெடைக்குமா?” என்றால், “கெடைக்கும், மனு முடித்து வைக்கப்படுகிறது” என்கிறான் கவின். இளம்பிள்ளைக் கடைவீதியில் அம்மாவுக்குச் சேலை எடுக்கும்போது, “இது நல்லா இருக்குதா?” என்றேன். கடைக்காரர் முன்னாலேயே, “ஆவணங்களின்படி இல்லைங்கப்பா” என்றாய் நிலா. அவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் இன்னும் நாலு பேருக்குச் சொல்லியிருப்பார்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்தப் பதில் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் ரெண்டு பேரும் அம்மாவோடு மாமன் வீட்டுக்குப் போயிருந்தீர்கள். பிஞ்சுக் கால்கள் என்று எழுதியவன் அந்தக் கால்கள் போன வழியில் ஒரு நாளும் நடந்ததில்லை. விடிந்ததும் மொபெட்டில் எதிர்ப்பக்கம், பட்டறைக்குப் போய்விடுகிறவன். நிலா, உன் புத்தகப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பாலம் வரைக்கும் நிழல் இல்லை. கோழிப்பண்ணை நாய் கொஞ்ச தூரம் துரத்தியது. ஜல்லி லாரி ஒன்று உரசிக்கொண்டு போனபோது பள்ளத்தில் இறங்கி நின்றேன். பாதி வழியில் தோள் மாற்றிக்கொண்டேன். நிறுத்தத்தில் பையை இறக்கி வைத்து, சிமெண்ட் கட்டையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பையை மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தேன்.