எச்சில் பொருத்தம்

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் விஞ்ஞானம் குடியேறியிருந்தது. "புரதப் பொருத்த ஆய்வகம்" என்று பெரிய பலகை. அதன் கீழே, "ஜாதகம் பொய் சொல்லும், புரதம் சொல்லாது!" கடை திறக்கும் முன்பே வரிசை படிக்கட்டில் இறங்கி, பக்கத்து பேக்கரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். முடிச்சூரிலிருந்து காரில் வந்தார்கள். எல்லார் கையிலும் குப்பிகள். ஒன்றில் மாப்பிள்ளையின் எச்சில், இன்னொன்றில் பெண்ணின் எச்சில். நாகரிகம் எங்கேயோ போய்விட்டது ஐயா!

உள்ளே வெள்ளைக் கோட்டு மாட்டிய ஷ்யாம்சுந்தர். டாக்டர் என்பது அவர் தமக்குத்தாமே வைத்துக்கொண்ட செல்லப்பெயர். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரளவு வண்ணப்படம். அதில் இரண்டு ரிப்பன் சுருள்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நின்றன. மனித உடம்பிலிருக்கும் ஒரு புரதத்தின் படிக அமைப்பு அது. படம் அசல்தான். இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அவரும் எடுத்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா? புரதம்கூட தனியா இருக்கறதில்ல, ஜோடி சேருது. உங்க பொண்ணு புரதமும் மாப்பிள்ளை புரதமும் இப்படிச் சேருமான்னு படிகமாக்கிப் பார்த்துச் சொல்றேன்."

எச்சிலில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விடுவார். டேபிள் ஃபேன் காற்றில் காயவைப்பார். மைக்ராஸ்கோப்பில் வைத்தால், பெரிய டி.வி.யில் இலை இலையாகப் பளபளக்கும். கூட்டம் வாயைப் பிளக்கும். பொருத்தம் இருந்தால் வந்தவருக்குச் சந்தோஷம். இல்லாவிட்டால் ஷ்யாம்சுந்தருக்குச் சந்தோஷம். படிக தோஷம் போக்கும் மோதிரம் அவரிடம் மட்டுமே கிடைக்கும்.

கிழக்குத் தாம்பரம் ரத்தினபாய் டீச்சர் ஜாதகம் பார்க்கிற ஆள் இல்லை. ராகுகாலம் பார்ப்பது பாவம் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். எதிர்வீட்டுக்காரர் பல்லி விழுந்த பலன் பார்த்தால் ஒரு வாரம் சிரிப்பார். எந்த மீனுக்கு எந்த இரை என்று ஷ்யாம்சுந்தருக்குத் தெரியாதா? "இது மூடநம்பிக்கை இல்லம்மா, சயின்ஸ்" என்றார். டீச்சர் தூண்டிலோடு விழுங்கினார்.

மகள் ஜெரூஷாவுக்கும் அவள் கட்டிக்கொள்ள இருந்த எபிக்கும் பொருத்தம் அறவே இல்லை என்று முடிவு வந்தது. கட்டினால் ஒருவர் படுத்த படுக்கையாம். வேறு மாப்பிள்ளையின் எச்சிலைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார் ஷ்யாம்சுந்தர்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் வாசிக்கிற திருமண அறிவிப்பு ஓலையில், அவர்களுடைய முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு இரண்டாவது. அதை நிறுத்தப் போவதாக டீச்சர் வீட்டில் அறிவித்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜெரூஷா ஆராய்ச்சிக்கூடத்தில் செய்கிற வேலையே புரதத்தைப் படிகமாக்குவதுதான்.

"அம்மா, ஒரே ஒரு புரதத்தைப் படிகமாக்க நான் வருஷக்கணக்கா அல்லாடறேன். இன்னும் வரல. அவர் டேபிள் ஃபேன்ல எடுத்துடறாரா? டி.வி.ல தெரியறது எச்சில்ல இருக்கிற உப்பு. காஞ்சா அப்படித்தான் இலை இலையா வரும்."

"உனக்கு எபியைக் கட்டிக்கணும். வேற எப்படிச் சொல்லுவ?"

"உனக்கு எபி வேண்டாம். அவர் வேற எப்படிச் சொல்லுவார்? பையன் பம்மல்ல லேத் பட்டறை வெச்சிருக்கான்னு சொல்றப்போ உன் மூஞ்சி போற போக்கைப் பார்த்தாலே போதுமே, மைக்ராஸ்கோப் எதுக்கு?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. மகள் விடவில்லை.

"சரி, ஒரே ஒரு டெஸ்ட். அந்தப் படத்துல கட்டிக்கிட்டு நிக்கறது ஆணும் பெண்ணும் இல்லம்மா. ஒரே புரதம், அச்சு அசல் ஒரே மாதிரி ரெண்டு. அப்போ ரெண்டு குப்பிலயும் ஒரே ஆளோட எச்சில் இருந்தா?"

டீச்சர் கணக்கு டீச்சர். "நூத்துக்கு நூறு பொருந்தணும்" என்றார்.

"ரெண்டுலயும் நீயே துப்பு. மேல எங்க பேரை எழுது. பொருந்துதுன்னு அவர் சொன்னா, நானே பாஸ்டர்கிட்ட போய் ஓலையை நிறுத்தச் சொல்றேன்."

டீச்சர் உற்சாகமாகத் துப்பினார். ஜெயிக்கப் போவது தாம்தான் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் குடும்பமே மாடியேறியது. வேடிக்கை பார்க்க அப்பா ஏசுதாசனும் கூட வந்தார். அங்கே கோவளத்து மீன்காரி அங்காளம்மா மோதிரம் வாங்கக் காத்திருந்தார். அவர் மகன் பரணிக்குப் பேசிய பெண்ணையும் அதே டி.வி. தள்ளிவைத்திருந்தது.

ஷ்யாம்சுந்தர் சொட்டு விட்டார், காயவைத்தார், பெருமூச்சு விட்டார்.

"போன தடவையைவிட மோசம்மா! இது ரெண்டும் ஜென்ம விரோதி. ஒண்ணு நெருப்பு, ஒண்ணு தண்ணி. ஒரே கூரைக்குக் கீழ இருந்தா ஒண்ணை ஒண்ணு அழிச்சிடும்."

டீச்சர் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. பிறகு வகுப்பறைக் குரல் வந்தது.

"ரெண்டுமே என் எச்சில்தான்யா! பொறந்ததுலேர்ந்து நானும் நானும் ஒரே கூரைக்குக் கீழதான் இருக்கோம்!"

வரிசையில் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஏசுதாசன் தொண்டையைச் செருமினார். "டாக்டர் சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. இவளுக்கு இவளோடயே ஒத்துப்போகாதுன்னு எனக்கு எப்பவோ தெரியும்."

டீச்சர் பார்த்த பார்வையில் அவர் டேபிள் ஃபேனுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

"அது வந்து... டிபனுக்கு முன்னாடி புரதம் வேற, பின்னாடி வேற..." என்று ஷ்யாம்சுந்தர் இழுத்தார்.

அங்காளம்மா எழுந்துவிட்டார். "இன்னாய்யா கதை வுட்டுகினு கீற? ஒரே வஞ்சிரத்த ரெண்டு துண்டா நறுக்கி வெச்சா, இது வேற மீனு, அது வேற மீனும்பியா? உன் பேச்சக் கேட்டு ஒரு பொண்ண அழ வெச்சுட்டனேடா பாவி!"

குப்பிகள் பறந்தன. வெள்ளைக் கோட்டு எச்சிலில் நனைந்தது. அதைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு ஷ்யாம்சுந்தர் பின்வழியாக இறங்கி ஓடினார். படிக்கட்டுக் கோடியில் நின்ற ஒருவர் மட்டும், "சார், என் டோக்கன் நாளைக்குச் செல்லுமா?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடினார். அவரை என்ன செய்வது?

இறங்கும்போது டீச்சர் மகள் கையைப் பிடித்துக்கொண்டார். "எபியைப் பிடிக்கலன்னு நேரா சொல்ல எனக்கு வாய் வரல. அதான் சயின்ஸைத் துணைக்குக் கூப்பிட்டேன். வெக்கமா இருக்குடி."

"ஞாயித்துக்கிழமை அவனைச் சாப்பிடக் கூப்பிடு. அது போதும்."

ஞாயிறு இரண்டாவது ஓலை வாசிக்கப்பட்டது. இந்த விவாகத்துக்குத் தடை உண்டென்று யாருக்காவது தெரியுமா என்று பாஸ்டர் கேட்டார். ரத்தினபாய் டீச்சர் திரும்பிச் சபை முழுவதையும் ஒரு முறை முறைத்தார். இருமல் வந்தவர்கள்கூட இருமவில்லை.

ஜாதகத்தைக் குப்பையில் போட்டவர்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். அதே குப்பையைப் பொறுக்கி, வெள்ளைக் கோட்டு மாட்டிக் கொண்டுவருகிறான் ஒருவன். துப்பச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் வாயைத் திறக்கிறோமே, கேள்வி கேட்பதும் அதே வாயால்தான் ஐயா!